வீட்டு மனையும் விளையாட்டுத் துப்பாக்கியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் குறளும் கம்பனும் பேசப்படுவதே மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் நமக்குத் தந்த தலைப்போ, குடியிருப்பு மனைகளில் குறி பார்த்துச் சுடுவது பற்றிய சட்ட விதிகள் என்பதாகும். அழைப்பிதழில் இதனைக் கண்ட அன்பர் சிலர் நகைத்தனர். ஆனால் குட்வில் எஸ்டேட்டில் வாழ்கின்ற எவருக்கும் இத்தலைப்பு எங்கிருந்து முளைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று வீடுகளில் பிள்ளைகள் காற்றுத் துப்பாக்கி வாங்கியிருக்கின்றனர். மாலை வேளையில் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் குறி வைத்துப் பழகுகின்றனர். ஒரு வீட்டு மாடியிலிருந்த நீர்த்தொட்டியில் துளை கண்டது. அது ஈயக் குண்டு செய்த துளையா, வெயிலில் வெடித்த துளையா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. அதற்குள் இரு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. பொங்கலுக்குப் பாத்திரம் மாற்றிக்கொண்ட வீடுகள் அவை.

நாம் வழக்கறிஞர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிகின்றோம். இருப்புப் பாதையே இல்லாத தீவில் இரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை என்று வேடிக்கையாகக் கேட்போர் உண்டு. கப்பலேறிச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து மதுரைக்கும் நெல்லைக்கும் செல்வோர்க்குச் சீட்டு வேண்டுமே! எழுத்தருக்கு ஒரு குணம் உண்டு: விதியைப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். அவ்வகையில் படித்தறிந்ததை எளிய முறையில் சொல்ல முற்படுகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். குறி பார்த்துச் சுடுதல் இழிவான செயல் அன்று. அது உலகம் போற்றும் விளையாட்டு. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்று ரைஃபிள் போட்டியில் தங்கம் வென்றார் அபினவ் பிந்த்ரா. தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. 2024இல் பாரிஸ் நகரில் மனு பாகர் இரு வெண்கலங்களைப் பெற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே ஒலிம்பிக்கில் காற்று ரைஃபிள் ஏந்தினார். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் போட்டியில் நின்றார். தமிழர் பெயர்கள் அப்பட்டியலில் இருப்பது நமக்கு மகிழ்ச்சியே.

இவர்களுள் பிந்த்ராவின் கதை இன்றைய தலைப்புக்கு மிக அணுக்கமானது. அவர் பழகியது பெரும்பாலும் தம் இல்லத்திலேயே. அவருடைய தந்தையார் வீட்டு வளாகத்தில் சுடுதளம் அமைத்துக் கொடுத்தார். ஆகவே, வீட்டு மனையில் சுடலாமா என்ற கேள்விக்கு, பிந்த்ரா சுடவில்லையா என்று இளைஞர்கள் நம்மை மடக்குகின்றனர். விடை எளிது. பிந்த்ராவின் தளம் சுவர் சூழ்ந்த உள்ளரங்கம். சுடப்பட்ட குண்டு அங்கேயே பிறந்து அங்கேயே அடங்கியது. நம் மொட்டை மாடியோ நான்கு புறமும் பிறர் மாடிகளைப் பார்த்து நிற்பது. இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு சட்டத்துக்குள் நுழைவோம்.

துப்பாக்கி எது?

நாடு முழுவதற்கும் பொருந்துவது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம். அது 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வெடிமருந்தாலோ வேறு வகை ஆற்றலாலோ குண்டை வெளியேற்றும் கருவி எதுவும் அச்சட்டத்தின் பொருளில் துப்பாக்கியே. 'வேறு வகை ஆற்றல்' என்ற சொற்களை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். அழுத்திய காற்றும் ஓர் ஆற்றலே. எனவே, காற்றுத் துப்பாக்கி பொம்மை என்று கருதுவது தவறு. அரசாங்கம் விலக்களித்திருப்பதால்தான் அவற்றுள் சிலவற்றுக்கு உரிமம் வேண்டியதில்லை.

அந்த விலக்கின் எல்லை எது? முன்னாளில் மரப்பலகையில் சுட்டு, துளைக்கின்றதா எனப் பார்க்கும் சோதனை இருந்தது. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் அளவுகோலை மாற்றின. குழல்வாயில் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும், குழலின் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு, மிகாமலும் இருப்பின் உரிமம் வேண்டா. இரண்டில் ஒன்று மிகுந்தாலும் உரிமம் கட்டாயம்.

20 ஜூல் என்றால் என்ன என்று தாய்மார்கள் வினவலாம். ஒரு கிலோ எடைக்கல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் எவ்வளவு தாக்குமோ, அவ்வளவு. அந்தத் தாக்குதல் முழுவதும் மிளகளவேயான ஈய முனையில் குவிகின்றது என்று எண்ணிப் பாருங்கள். ஒலிம்பிக்கில் பயன்படும் காற்று ரைஃபிளின் ஆற்றலோ ஏறத்தாழ ஏழரை ஜூல்தான். அதுவே கண்ணைப் போக்கப் போதும். உரிமம் வேண்டா என்பதும் அபாயம் இல்லை என்பதும் ஒன்றல்ல.

உரிமம் தேவைப்படும் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருந்தால் தண்டனை இரண்டாண்டுக்குக் குறையாத சிறை, ஐந்தாண்டு வரை நீளலாம், அபராதமும் உண்டு. ஆகையால் கடைக்காரர் வாய்மொழியை நம்பாமல், விட்டமும் ஆற்றலும் அச்சிட்ட பெட்டியையும் இரசீதையும் பத்திரமாக வைத்திருப்பது அறிவுடைமை.

உரிமம் ஒரு பயணச்சீட்டு

வெடிமருந்துத் துப்பாக்கிக்கு உரிமம் பெற்ற பெரியவர்கள் சிலரும் அவையில் இருக்கக்கூடும். உரிமம் இருக்கின்றது, மனை நம்முடையது, ஆகவே கொல்லையில் சுட்டுப் பழகலாம் என்று அவர்கள் கருதினால் அது பொருந்தாது. சென்னையிலிருந்து மதுரைக்கு எடுத்த சீட்டைக் காட்டி நாகர்கோவில் வரை செல்ல இயலுமா? சீட்டில் எழுதிய ஊர்தான் எல்லை. உரிமமும் அத்தகையதே. தற்காப்பு, பயிர்க் காவல், விளையாட்டு என நோக்கம் குறித்துத் தரப்படுவது அது. குறி பழகும் நோக்கத்துக்கு .22 ரைஃபிளோ காற்று ரைஃபிளோ கேட்பவர், மத்திய அரசாங்கம் உரிமமோ ஏற்போ அளித்த துப்பாக்கி மன்றத்தின் உறுப்பினராக இருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் 13ஆம் பிரிவு. சுடுதளம் நடத்துவதற்கும் தனி உரிமம் வேண்டும். உரிம நிபந்தனையை மீறினால் 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் இறுக்கியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. திருமணத்திலும் திருவிழாவிலும் களிப்புக்காகச் சுடுவது தனிக் குற்றமாயிற்று. பிறர் உயிருக்கு ஊறு நேரும்படி கவனமின்றிச் சுட்டாலும் அதே பிரிவு பாயும். தண்டனை இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாப்பிள்ளை அழைப்பில் வாண வேடிக்கை போதும். வேறு வெடி வேண்டா.

பிள்ளைகளின் வயது

துப்பாக்கி உரிமத்துக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு மட்டும் விதிகள் சலுகை தருகின்றன. 12 வயது கடந்த பிள்ளை, பயிற்றுநர் அல்லது உரிமம் உடைய பெரியவர் உடனிருந்து நேரே கண்காணிக்க, பழகலாம். 'உடனிருந்து' என்பதே உயிர்ச்சொல். தந்தையார் அலுவலகத்திலும், தாயார் அடுக்களையிலும், பிள்ளை மாடியிலும் இருப்பது கண்காணிப்பு ஆகாது. உரிமம் வேண்டாத காற்றுத் துப்பாக்கிக்கும் பெற்றோர் இந்த முறையைக் கைக்கொள்வதே நன்று.

மனை யாருடையது?

'என் மனை, என் விருப்பம்' என்பது நம் தீவில் அவ்வளவு எளிதான சொல் அன்று. 1966ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குவிதிப்படி இங்குள்ள நிலம் மத்திய அரசாங்கத்தைச் சார்ந்தது. நாம் குடியுரிமையாளராகவோ, மானியம் பெற்றவராகவோ, அனுமதி பெற்றவராகவோதான் அதனை அனுபவிக்கின்றோம். அரசாங்கக் குடியிருப்பில் வாழ்வோர் நிலை இன்னும் மெல்லியது. அவ்வீடு பணி இருக்கும் வரை தரப்பட்ட தங்குமிடம். வாடகை வீட்டில் இருப்போர் உரிமையாளரின் இசைவைக் கேட்க வேண்டும்.

மனை முழு உரிமையாகவே இருந்தாலும், குண்டுக்கு வேலி தெரியாது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு, பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஊறு நேரும்படி கண்மூடித்தனமாக நடப்பதைக் குற்றமாக்குகின்றது. எவருக்கும் காயமே படாவிட்டாலும் மூன்று மாதம் வரை சிறையோ, 2,500 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காயம் பட்டால் ஆறு மாதமும் 5,000 ரூபாயும், கொடுங்காயமானால் மூன்றாண்டும் 10,000 ரூபாயும் வரை உயரும். கவனக்குறைவால் உயிரே போய்விட்டால் 106ஆம் பிரிவு. ஐந்தாண்டு வரை சிறை. இப்பிரிவுகள் உரிமம் உள்ளதா இல்லையா என்று கேட்பதில்லை. காற்றா வெடிமருந்தா என்றும் கேட்பதில்லை.

நார்த்தாமலை கற்பித்த பாடம்

தாய்மண்ணில் நிகழ்ந்த ஒரு துயரை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலை அருகே காவல் துறையின் சுடுதளம் இருந்தது. 2021 டிசம்பர் 30ஆம் நாள் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தனர். தளத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூரில் மருத்துவர்கள் அறுவை செய்தனர். 2022 சனவரி 3ஆம் நாள் அச்சிறுவன் உயிர் நீத்தான். தமிழக அரசு பத்து இலட்சம் ரூபாய் வழங்கியது. தளத்தில் சுடுவதும் நிறுத்தப்பட்டது.

அன்பர்களே, சுட்டவர்கள் பயிற்சி பெற்ற படையினர். சுட்ட இடம் அதற்கென்றே அமைந்த தளம். அத்தனை இருந்தும் ஒரு குண்டு வீடு தேடிச் சென்றது. அங்கே ஆண்டது படைத் துப்பாக்கி என்பது மெய். காற்றுத் துப்பாக்கிக்கு அவ்வளவு வலிமை இல்லை என்பதும் மெய். எனினும் குறி தவறிய ஈயக் குண்டு மாடியிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் செல்லக்கூடும். சாதாரண .22 குண்டு ஒரு மைலுக்கும் மேல் போகும். நம் குடியிருப்பில் ஒரு மாடியிலிருந்து நூறு மீட்டருக்குள் எத்தனை தொட்டில்கள் ஆடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பறவைகளும் பிறவும்

சில பிள்ளைகள் காகிதத்தில் சுட்டு அலுத்தபின் கிளையில் சுடத் தொடங்குவர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கொல்வதை மட்டுமன்றிக் காயப்படுத்துவதையும், அதற்கு முயல்வதையுங்கூட வேட்டை என்றே கூறுகின்றது. குறி தவறிவிட்டது என்பது அங்கே விடுதலை தராது. அண்டை வீட்டு நாயையோ கோழியையோ சுட்டால் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கின்றது. அருணாசலப் பிரதேசத்தில் வேட்டை மரபு ஆழ வேரூன்றியது. அங்கேயே 2021 மார்ச்சில் கிழக்குக் காமெங் மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் மக்கள் தம் காற்றுத் துப்பாக்கிகளைத் தாமே முன்வந்து ஒப்படைத்தனர். அவ்வியக்கம் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. பறவை ஓய்ந்த காட்டில் வாழ விரும்பாத மக்கள் அவர்கள்.

பிற நாடுகளின் வழக்கையும் ஒரு சொல்லில் காண்போம். நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். இங்கிலாந்தில் வலுக் குறைந்தவற்றுக்கு உரிமம் வேண்டா; வீட்டுத் தோட்டத்தில் சுடலாம். ஆனால் குண்டு மனையின் எல்லையைத் தாண்டினாலே குற்றம். எவர்மீதும் பட வேண்டியதில்லை. சாலையின் நடுவிலிருந்து 50 அடிக்குள் சுட்டு, வழிச்செல்வோர்க்கு இடையூறு நேர்ந்தாலும் குற்றம். நம் நாட்டில் இப்படி அடி அளந்து சொன்ன விதி இல்லை. எனினும் நல்ல அளவுகோல் எங்கிருந்தாலும் எடுத்தாளலாம். குட்வில் எஸ்டேட்டில் 50 அடிக்குள் வழியே இல்லாத கொல்லை எத்தனை உண்டு?

தடை போதுமா?

இதுவரை கேட்ட பெரியவர்கள், அப்படியானால் முழுத் தடை போட்டுவிடுவோம் என்று முடிவு கட்டியிருக்கலாம். அதற்கு முன் ஒரு மாணவியின் குரலையும் கேளுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் அச்சிறுமி நம்மிடம் வந்து, "மாமா, கிரிக்கெட் பந்து கண்ணாடியை உடைத்தால் திட்டிவிட்டு விட்டுவிடுகிறீர்கள். நான் இன்னும் எதையும் உடைக்கவில்லையே, ஏன் எல்லாரும் என்னையே முறைக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவள் கேள்வியில் நியாயம் உண்டு. அவள் குறி வைப்பது பத்து மீட்டர் தொலைவில், அரை மில்லிமீட்டர் அகலமுள்ள நடுப்புள்ளியை. அறுபது முறை மூச்சடக்கி அதனையே நாடும் பிள்ளைக்கு மன ஒருமை வருகின்றது. அதனைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை. அதே வேளையில், தொட்டியில் துளை கண்ட வீட்டுத் தாயாரின் அச்சத்தை நகைக்கவும் நமக்கு உரிமை இல்லை. அவ்வீட்டில் தவழும் குழந்தை இருக்கின்றது.

இரயில்வேயில் பக்கப் பாதை முடிவடையும் இடத்தில் மணல் மேடு அமைப்பர். வண்டி நிற்காமல் ஓடிவந்தாலும் மணலில் புதைந்து நின்றுவிடும். ஓட்டுநர் திறமைசாலி என்பதற்காக எவரும் அம்மேட்டை அகற்றுவதில்லை. மனிதன் பிழை செய்வான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு போடப்பட்டது அது. சுடும் இடத்துக்கும் அத்தகைய மணல் மேடு வேண்டும். ஆகவே சங்கம் கீழ்க்காணும் முறைகளை ஏற்கலாம் என்று முன்மொழிகின்றோம்.

ஒன்று: மொட்டை மாடியில் சுடுதல் கூடாது. மாடியிலிருந்து தவறும் குண்டுக்கு எல்லை இல்லை.

இரண்டு: சுடுவதானால் சுவர் சூழ்ந்த அறையிலோ, கதவடைத்த தாழ்வாரத்திலோ மட்டும். இலக்குக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் குறையாமல் மணல் மூட்டைகள் இருக்க வேண்டும். தென்னை மரமும் கருங்கல் சுவரும் தடுப்பு ஆகா. ஈயக் குண்டு அவற்றில் பட்டுத் திரும்பும். இலக்குக்கும் சுடுபவர்க்கும் இடையே வாசல் திறக்கலாகாது.

மூன்று: பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். சுடுபவரும் காண்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். பழகி முடிந்ததும் துப்பாக்கி ஒரு பூட்டிலும், குண்டு வேறொரு பூட்டிலும் இருக்கட்டும்; சாவி பெற்றோரிடம்.

நான்கு: குண்டு ஈயம். ஈயம் நஞ்சு. கை கழுவாமல் உணவு தொடலாகாது. மழை நீரைக் கூரையில் பிடித்துக் குடிக்கும் ஊர் நம்முடையது. கூரையிலும் தொட்டியருகிலும் ஒரு குண்டும் சிந்தலாகாது.

ஐந்து: பழகும் நாளையும் நேரத்தையும் அண்டை வீட்டாரிடம் முன்னதாகச் சொல்லுதல். சட்டம் இதனைக் கேட்கவில்லை, அயலன்பு கேட்கின்றது.

இவ்வைந்தும் தற்காலிக ஏற்பாடே. நிலையான தீர்வு, பிள்ளைகள் பழகுவதற்கு முறையான ஓர் உள்ளரங்கம். காற்றுத் துப்பாக்கித் தளத்துக்குப் பெரிய மைதானம் வேண்டியதில்லை. பத்து மீட்டர் தொலைவும், நிற்க இடமும், பின்னே உறுதியான தடுப்பும் உள்ள கூடம் போதும். விடுமுறை நாளில் ஒரு பள்ளிக் கூடத்தைத் தருமாறு நிர்வாகத்தின் விளையாட்டுத் துறைக்குச் சங்கம் விண்ணப்பிக்க வேண்டும். தென் அந்தமான் மாவட்ட ஆட்சியாளர் அலுவலகத்திலும் தேவையான அனுமதி யாது என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுதல் வேண்டும். வாய்ச்சொல் காற்றோடு போகும், காகிதம் நிற்கும். மனு எழுதும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். எழுத்தருக்கு அதுவே தொழில்.

இன்னும் ஒன்று. போர்ட் பிளேர் என்ற நம் நகரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாறியது. பெயர் எதுவாயினும், இத்தீவில் நம் முன்னோர் வேரூன்றியது ஒருவர்க்கொருவர் துணை நின்றதனால்தான். கடல் கடந்து வந்த இடத்தில் உறவினர் தொலைவு. அண்டை வீட்டாரே உறவினர். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தட்டப்படுவது அந்தக் கதவுதான். நீர்த்தொட்டியின் துளையை அடைக்க நூறு ரூபாய்ப் பசை போதும். அதனை இரு வீட்டாரும் சேர்ந்தே அடைக்க வேண்டும் என்றும், அந்த மனுவில் முதல் இரு கையொப்பங்கள் அவ்விரு குடும்பத் தலைவர்களுடையதாக இருக்க வேண்டும் என்றும் இந்த அவையின் முன் கேட்டுக்கொள்கின்றோம்.